அபிதகுசாம்பாளின் இடுப்புவலி

ஆரணி கொசப்பாளையத்தில் அபிதகுசாம்பாளைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். குழாயடியில் அவளோடு சண்டைபோட்டு ஜெயித்தவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. அப்புறம்தான் அவள் நெய்கிற பட்டுப்புடவையைச் சொல்வார்கள். கரையும் உடலும் சேருகிற இடம் விரல் வைத்துத் தடவினால்கூடத் தெரியாது என்பார்கள். அவள் இடுப்புவலியைப் பற்றி மட்டும் யாரும் நல்லவிதமாகப் பேசியதில்லை. அது நடிப்பு என்று அவள் புருஷன் தனசேகரனே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

கல்யாணமாகி வந்த வருஷமே அவளைக் குழித்தறியில் உட்கார வைத்தார்கள். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு, நாள் முழுக்க முன்னால் குனிந்தபடியே வேலை. நாற்பதைத் தாண்டியதும் வலி வந்தது. இடுப்பில் தொடங்கி, இடது தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால்வரை சூடு போட்டதுபோல இறங்கியது. தைலம் தேய்த்தாள், மாத்திரை போட்டாள், வருஷங்கள்தான் போயின. கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அவன், ஒன்றில் அவள். அவள் தறியின் சத்தம் நின்றால் அவன் தலையைத் திருப்பாமலே கேட்பான்.

"இன்னா, ஆரம்பிச்சிட்டியா?"

சந்தவாசல் பக்கம் ஜெயவேல் என்று ஒருவர் இருந்தார். கை கால் ஒடிந்தவர்களுக்குக் கட்டுப்போடுகிறவர். இறங்கிப்போன தோளை ஒரே இழுப்பில் ஏற்றிவிடுவார் என்று பேர். அந்தப் பேரை நம்பி, நாள்பட்ட வலிக்காரர்களும் அவரிடம் போக ஆரம்பித்திருந்தார்கள். தனசேகரன் அவளை அங்கே கூட்டிப்போனான்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். எண்ணெய் ஊற்றி நீவியவரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஜெயவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை அவள் இடுப்பில் வைத்து ஏறி நின்றார். அவள் அலறிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். தனசேகரன் அவளுடைய இரண்டு தோள்களையும் தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"போதும், வுடுங்க," என்றாள்.

"கத்தட்டும், நீ புடிச்சிக்கப்பா. வெலகின எலும்பு உள்ள போவுது," என்றார் ஜெயவேல்.

ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். அடுத்த சில நாட்களில் இடது கால் கட்டைவிரல் மரத்துப்போனது. மிதியை அழுத்தினால் அழுத்தியதே தெரியவில்லை.

அன்றிலிருந்து யார் கை பட்டாலும் அவள் உடம்பு இறுகிப்போகும். கூட்டத்தில் யாராவது முதுகில் இடித்தால் திரும்பி நின்று முறைப்பாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் காவ்யா லீவுக்கு வந்தபோது, அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தாள். அபிதகுசாம்பாள் அவள் கையையும் தட்டிவிட்டாள். காவ்யா கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளே வேலூருக்கு அழைத்துப்போனாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். வீட்டில் இதைக் கேட்டதும் தனசேகரன் சிரித்தான்.

"பிசியோதெரபின்னா இன்னா? தடவி வுடறதுதானே. இத சொல்றதுக்கு வேலூருல ஒரு டாக்டரா? நம்ம ஜெயவேலே பண்ணுவாரு."

"அந்தாளு இன்னொரு தபா மேல கை வச்சாருன்னா நான் சும்மா இருக்கமாட்டேங்க," என்றாள் அவள்.

அவன் அதை வெறும் பேச்சு என்று நினைத்தான். காவ்யா ஊருக்குப் போன மறுவாரம், ஒரு மத்தியானம், ஜெயவேலை வண்டியில் உட்காரவைத்து வீட்டுக்கே அழைத்துவந்தான். அவள் தறியில் இருந்தாள். வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்பக்கமாக வந்து குனிந்து, இடுப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இங்கதானேம்மா?"

அவள் கையில் நாடா இருந்தது. குறுக்கே ஓடும் ஊடை நூலை, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் கொண்டுபோகிற கட்டை, இரண்டு முனையிலும் இரும்பு. திரும்பிய வேகத்தில் அதை அவர் மணிக்கட்டில் இறக்கினாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. தனசேகரன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"அன்னிக்கி என் தோளப் புடிச்சி அழுத்தினவன் நீதானய்யா," என்றாள். "இந்தாள திரும்பவும் இட்டுகினு வந்தன்னா அடுத்தது உன் மண்டைதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்று மட்டுமே அழைத்தவள். சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்த தெருவே அதைக் கேட்டது. ஓங்கிய கையை அவன் எப்படிக் கீழே இறக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு நின்றது.

பிசியோதெரபிக்கு அவள் தனியாகவே போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் பானுப்ரியா என்ற பெண் கிளினிக் வைத்திருந்தாள். தெள்ளார்ப் பக்கத்துக்காரி. முப்பது வயதிருக்கும், சிரிக்காத முகம். சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப்போன அபிதகுசாம்பாள் மூச்சு வாங்கியபடியே ஆரம்பித்தாள்.

"இடுப்பு நோவுதுன்னு வர்றவங்களுக்கு மாடில வச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்குதா?"

"கீழ இடம் கெடைக்கல. உக்காருங்க."

"மேல கை வைக்கக் கூடாது."

"வைக்கல. நடந்து காட்டுங்க."

குதிகாலால் நடக்கச் சொன்னாள், முன்னங்காலால் நடக்கச் சொன்னாள். சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டாள். படுத்தபடி செய்யவேண்டிய இரண்டு பயிற்சிகளைத் தானே தரையில் படுத்துச் செய்துகாட்டி, போகலாம் என்றாள்.

"அவ்ளோதானா?"

"கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சில தடவை இப்படியே போனது. வலி கொஞ்சம்கூடக் குறையாத ஒருநாள் அபிதகுசாம்பாள் தானாகவே போய்க் கட்டிலில் குப்புறப் படுத்தாள். பானுப்ரியா சொன்னாள்: "இப்ப இடுப்புல கை வைக்கப்போறேன். வேணாம்னா கையத் தூக்குங்க, எடுத்துடறேன்."

அவள் கை பட்டதும் அபிதகுசாம்பாள் கையைத் தூக்கினாள். பானுப்ரியா எடுத்துவிட்டாள். திரும்ப வைத்ததும் தூக்கினாள், அவளும் எடுத்தாள். வலியே இல்லாதபோதும் வேண்டுமென்றே தூக்கிப் பார்த்தாள். பானுப்ரியா ஏன் என்று கேட்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அந்த மத்தியானம் பாதி இதிலேயே போனது. கடைசியில் தூக்குகிற கை களைத்துப்போய்க் கட்டிலிலேயே கிடந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் மறுநாள் வலி திரும்பிவிட்டது. அடுத்தமுறை போனபோது அதற்கும் சண்டை.

"இன்னா பெரிய வைத்தியம்? ராத்திரி தூங்கி எழுந்தா மறுபடியும் நோவுது."

"என் கை அவ்ளோதான் செய்யும். நோவு கொறையற அந்த நேரத்துல நீங்க நடக்கணும், சொன்னதையெல்லாம் செய்யணும். எலும்ப உள்ள தள்றதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. நாள் பூரா குழியிலயே குந்திகினு இருந்தீங்கன்னா நான் தெனம் புடிச்சாலும் வேஸ்ட்டு."

"அந்தாளு மிதிச்சதாலதான் என் வெரலு மரத்துப்போச்சி. அதயாவது சொல்லு."

பானுப்ரியா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவரு மிதிச்சது தப்பு. ஆனா அதாலதான் மரத்துச்சான்னு எனக்குத் தெரியாது. நரம்பு முன்னாடியே அழுத்திகினு இருந்திருக்கலாம்."

தன் பக்கம் பேச ஒரு ஆள்கூட இல்லை என்று அபிதகுசாம்பாளுக்கு ஆத்திரமாக வந்தது. "நீயும் அந்தாளு ஜாதிதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனவள் பல நாள் அந்தப் பக்கமே வரவில்லை. வீட்டில் பயிற்சியையும் விட்டாள். வலி பழையபடி கெண்டைக்காலுக்கு இறங்கியதும் ஒரு காலையில் மறுபடி படியேறி வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. பானுப்ரியாவும் எதிர்பார்க்கவில்லை.

"படுங்க," என்றாள்.

இந்தமுறை சொன்னதைச் செய்தாள். கொஞ்சநேரம் நெய்வாள், எழுந்து தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருவாள். புடவை முடிய நாள் அதிகமானது. தனசேகரன் அவளிடம் கேட்கவில்லை. பட்டும் பாவும் கொடுக்கிற முதலாளி வேணுகோபாலிடம் நேரே போய், "அவளால ஆவாதுங்க, அடுத்த பாவ வேற யாருக்காவது குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தான்.

தறியில் பாவு தீர்ந்து, அடுத்தது வராமல் போன அன்றுதான் அவளுக்கு அது தெரிந்தது. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேணுகோபால் வீட்டுக்குப் போனாள்.

"இனிமே என் பாவ என்கிட்ட குடுங்க. என் பேச்ச என்கிட்ட பேசுங்க. முன்னவிட நாளாவும். கரையில ஒரு இழை தப்பியிருந்தா பொடவைய என் மூஞ்சிலயே வுட்டெறிங்க."

"ரொம்ப பேஜாரு புடிச்சவம்மா நீ," என்றார் அவர். ஆனால் அவள் கரை போடுகிறதுபோலப் போட அவருக்கு வேறு ஆள் இல்லை. பாவைக் கொடுத்தனுப்பினார். அவள் அதைத் தறியிலிருந்த பழைய பாவின் நுனிகளோடு ஆள் வைத்துப் பிணைத்தாள். தனசேகரன் தன் தறியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், உதவிக்கு எழுந்திருக்கவில்லை.

இப்போதும் வலி முழுசாக விடவில்லை. சில காலைகளில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். ஆனால் ராத்திரி தூங்குகிறாள், பஸ்ஸில் உட்கார்ந்து போகிறாள். மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம் மாடியேறிப்போய்ப் பானுப்ரியாவோடு சண்டைபோட்டுவிட்டு வருகிறாள். வீட்டில் சோறு, தண்ணீர், கரண்ட் பில் தவிர வேறு பேச்சு இல்லை. அவள் தறியைவிட்டு எழும்போதெல்லாம் தனசேகரன் தன் தறியின் மிதியைச் சத்தம் வர ஓங்கி அழுத்துகிறான். அவளும் கேட்டும் கேளாததுபோலத் தெருவில் இறங்குகிறாள்.

போன வாரம் எதிர்வீட்டுப் பொன்னம்மாள் வழிமறித்து, "நோவு போச்சாக்கா?" என்று கேட்டாள்.

"போவல. வழிய வுடு," என்று சொல்லிவிட்டு அபிதகுசாம்பாள் தெருக்கோடியைப் பார்த்து நடந்தாள்.