தர்சினி எழுதிய டைமர்

தர்சினி இல்லை. காலையில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தங்கச்சி போன் எடுத்துச் சொன்னார்...

வருத்தம் கடுமை, தப்புவது கஷ்டம் என்று தெரியும். இவ்வளவு கெதியாகப் போய்விடுவார் என்று நினைக்கவில்லை.

யாழ்ப்பாணம் டவுனில் எங்கள் சின்ன ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை. தோட்டத்துப் பம்பைத் தானாகப் போட்டு நிறுத்துகிற பெட்டி செய்கிறோமே, அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்பாகம், அந்தக் கேர்னல், முழுக்க அவருடைய வேலை.

வாய் சும்மா இராது. நான் எழுதிய ப்ரோகிராமைப் பார்த்து, "உதை எழுதேக்கை நீர் நித்திரையோ?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொல்லுவார்.

உடுப்பிட்டியில் ஒரு ஐயா தன் வெங்காயத் தோட்டத்தை எங்களை நம்பித் தந்தார். முதல் கிழமையே பம்ப் நேரத்துக்கு நிற்காமல் பாத்தியெல்லாம் வெள்ளம்.

"இன்னொருக்கா உப்பிடித் தண்ணி நிண்டால் வெங்காயம் அழுகிப்போம் தம்பி. பெட்டியைக் கழட்டிக்கொண்டு போங்கோ."

அவர் கழற்றினால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் எங்களைப் படலைக்குள் விடமாட்டார்கள்.

ஆபீஸில் வைத்துப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை! தர்சினிதான் லாப்டாப்பிலிருந்து பெட்டிக்கு மின்சாரம் போகிற வயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார்.

வயரில் இருந்தால் பெட்டியின் ப்ரொசெசர் முழு வேகம். தோட்டத்தில் போலப் பட்டரியில் விட்டால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைப் பாதியாக்கும். டைமரோ பழைய வேகத்தையே நம்பி எண்ணிக்கொண்டிருந்தது... பத்து நிமிடம் இருபதாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் வயரைக் கழற்றாமலே டெஸ்ட் பண்ணியிருக்கிறோம்.

"அப்ப வேகத்தைக் குறைக்காமலே விடுவம்" என்றார் எங்கள் பொஸ்.

"விட்டால், வெயிலிலை சார்ஜ் ஏறுற பட்டரி மாரி மழையிலை படுத்திடும். வேகம் மாற முதல் டைமருக்குச் சொல்லவேணும். ஓடின நேரத்தைப் பழைய வேகத்திலை கழிச்சு, மிச்சத்தைப் புது வேகத்துக்கு மாத்தவேணும். அவ்வளவுதான். நான் செய்யிறன்" என்றார் தர்சினி.

செய்தார். ஐயா பெட்டியைக் கழற்றவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரும் கேட்டு வந்தார்கள். தர்சினி எழுதியது பிழையாகும் என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை.

போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புது ப்ரொசெசர் வந்திருக்கிறது, அதன் வேகங்கள் வேறு, டைமர் வேலையைத் திரும்பச் செய்யவேண்டும் என்று சொன்னேன்.

"நீர் சுகமாகி வாரும், சேர்ந்து பாப்பம்."

"எனக்கெண்டு வச்சிராதையும். நீரே செய்யும். உமக்கு வரும்."

 ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நாளைக்குச் செத்தவீடு. அது முடிந்து வந்து டைமர் வேலையைத் தொடங்குவேன்.

செய்துபோடுவன் தர்சினி. நீர் ஒண்டுக்கும் யோசியாமல் போயிட்டு வாரும்.