தார் முற்றத்தில் ஒரு வட்டம்

அரனும் அரியும் ஒரு திருமேனியில் பாதிப்பாதியாய் நின்றருளும் சங்கரநாராயணரின் தாள் போற்றி. அவ்விருவரையும் ஒன்றாகக் காணும்வரை ஊன்றிய காலை மாற்றேன் என்று தவம் நின்ற கோமதியம்மையின் ஒற்றைத் திருவடி போற்றி.

ஆடித் திங்களில் உத்திராடம் கூடிய இந்த நன்னாளில், தவசுக் காட்சிக்காகத் திரண்ட அடியாரின் ஆரவாரம் என் அறைச் சன்னல்வரை வந்து ஒலிக்கிறது. மூட்டு வலி என்னை வீட்டில் இருத்திவிட்டது. கோயிலுக்குச் செல்ல முடியாத குறையை எழுதித் தீர்த்துக்கொள்ள எண்ணி, நன்றிக்குரிய ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்குச் சங்கரன்கோவிலில் ஒரு பூ முற்றம் உண்டு. சுற்றுப்புறத்து உழவர்கள் விடியலில் பறித்த பிச்சியையும் மல்லிகையையும் அங்கேதான் கொண்டுவந்து நிறுப்பார்கள். சென்ற மாதம் என் மகன் அந்த முற்றத்துக்குப் புதிதாகத் தார் போட்டான். மேற்பார்வைக்கு வந்த இளைஞர், வண்டி திரும்பும் இடத்தில் தார் படாமல் விடப்பட்டிருக்கும் ஒரு வட்டத்தையும், அதனுள் இடுப்பளவு உயர்ந்து நிற்கும் புற்றையும் கண்டு திகைத்துப்போனார்.

"இத எடுத்துட்டா ஒரே மட்டமா வந்துரும்மா. விட்டா தண்ணி எறங்கி எறங்கி ஓரம் உடஞ்சுக்கிட்டே கெடக்கும்" என்றார்.

"உடையட்டும் தம்பி" என்றேன். அவர் என் மகனைப் பார்த்தார். என் மகன் வானத்தைப் பார்த்தான். அந்த இளைஞருக்கு அப்போது சொல்லாமல் விட்டதுதான் இனி வருவது.

அந்த முற்றம் என் அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வழியாக வந்தது. அப்பா பள்ளியில் தமிழாசிரியர். திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் அவர் நாவில் ஓயாது புரளும். பூவின் வாசனை பற்றி அவர் ஒரு நாழிகை பேசுவார். அதை நிறுத்து விற்பது எப்படி என்று கேட்டால் அம்மாவைக் கைகாட்டுவார். முற்றத்தின் ஆட்சி முழுவதும் அம்மாவுடையது. கோழி கூவும் முன்னே அவள் தராசுக்கு முன் நிற்பாள். அவள் குரல் கேட்டு அடுத்த தெரு விழிக்கும்.

எங்கள் ஊர் மண் கரிசல். மழை பெய்தால் உப்பும். வெயிலடித்தால் பாளம் பாளமாய்ப் பிளக்கும். ஐப்பசி வந்துவிட்டால் முற்றம் சேறாகி, வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். கூடையிலிருந்து உதிரும் பூ சேற்றில் விழும். மண்ணில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது. அதனால் அம்மா துணிந்து, சரளும் சல்லியும் பரப்பி, முற்றம் முழுவதற்கும் தார் போட்டாள். தனியார் ஒருவர் தம் இடத்துக்குத் தார் போடுவதை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை. பலர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம்.

புற்று அதற்கு முன்பே அங்கே இருந்தது. அதற்குள் நாகம் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். நாங்கள் கண்டதென்னவோ கரையானை மட்டுமே. தார் போட வந்த மேஸ்திரி அதை விட்டுச் சுற்றிலும் போட்டுக்கொண்டு போனார். அதுதான் வினையாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அப்பா குளித்துத் திருநீறணிந்து, ஒரு குடம் தண்ணீரைப் புற்றின் அடியில் பாடிக்கொண்டே ஊற்றுவார். தாருக்கு மேல் விழும் தண்ணீர் வாட்டம் பார்த்து ஓடிப்போகும். தாருக்கு அடியில் புகும் தண்ணீர் எங்கும் போகாது. கரிசலை ஊறவைத்து, சரளை இளக்கி, மேலிருக்கும் தாரைக் கீழிருந்து கெடுக்கும். வட்டத்தின் விளிம்பில் முதலில் முடியிழை போல் விரிசல் ஓடும். பிறகு அது வலைபோல் பரவும். அப்புறம் ஒருநாள் பூவண்டியின் சக்கரம் அதில் இறங்கும்.

"தார் போட்ட எடத்துல வயலுக்குப் பாய்ச்சுத மாதிரி ஊத்துதீரே, இது நியாயமா?" என்று அம்மா தராசடியிலிருந்து கத்துவாள். அப்பா பாட்டை நிறுத்தாமலே தலையசைப்பார். ஏச்சும் பாட்டும் ஒன்றாகக் கேட்டால்தான் எனக்கு அன்று வெள்ளிக்கிழமை என்று உறைக்கும்.

ஆண்டுதோறும் ஆடித் தவசுக்கு முன்னால் மேஸ்திரி அண்ணாச்சி வருவார். பாதி வெட்டிய பீப்பாயில் தாரைக் கட்டியாய்ப் போட்டு, கருவேல விறகில் காய்ச்சுவார். உடைந்த பகுதியைச் சதுரமாய் வெட்டியெடுத்து, ஈரம் போகக் காயவிட்டு, தார் தடவி, தாரில் புரட்டிய சல்லியை நிரப்பித் திமிசுக்கட்டையால் இடிப்பார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானும் ஒரு கரண்டியோடு உட்கார்ந்து விரிசல்களை அடைப்பாள். நாள்கணக்கில் அவள் கையில் தார்வாடை இருக்கும். உடன் படித்த பெண்களின் தாய்மார் கையில் சந்தனம் மணக்க, என் தாயின் கை மட்டும் சாலை போல் மணப்பது எனக்குப் பெரிய மனக்குறை. தவிரவும், அவர்களெல்லாம் தவசு பார்க்கப் பட்டுடுத்திப் போவார்கள். அம்மா போனதே இல்லை. அன்றுதான் முற்றத்தில் பூ மலையாய்க் குவியும். பக்தி முழுவதும் அப்பாவிடம் இருக்கிறது, அம்மாவிடம் இருப்பது தராசு மட்டுமே என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

எனக்கு எட்டு வயது நடந்த ஆண்டில், முந்தைய மழையின்போது பனவடலிசத்திரத்துப் பிச்சிப்பூ ஏற்றிய வண்டி ஒன்று வட்டத்தின் ஓரக்குழியில் இறங்கிக் குடைசாய்ந்தது. மாட்டுக்கு ஒன்றுமில்லை, பூ அவ்வளவும் பாழ். உழவர்கள் முகம் சுண்டிப்போனார்கள். இன்னொரு தரம் இப்படி ஆனால், ரயில்வே கேட்டுக்கு அப்பால் புதிதாகத் திறந்திருந்த வேறொரு முற்றத்துக்குப் பூவைக் கொண்டுபோய்விடுவோம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அந்தக் கவலையை வாய்திறந்து சொல்லவில்லை. ஏசுவதை மட்டும் கூட்டிக்கொண்டாள்.

தவசுக்கு இரண்டு நாளிருக்கும்போது, பூவுக்குப் பேசி முடிக்க அம்மா பனவடலிக்குப் போனாள். அப்பா சிவகிரியில் ஒரு சொற்பொழிவுக்குப் போயிருந்தார். முற்றத்தில் மேஸ்திரியின் பீப்பாயில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. பொறுப்பு மாமாவிடம். அவர் அம்மாவின் தம்பி. அக்காள் மேல் உயிரையே வைத்திருந்தவர். அக்காளின் சங்கடத்தை அவள் திரும்பி வருமுன் ஒரே அடியாகத் தீர்த்துவிடுவது என்று அன்று முடிவு செய்தார்.

"அண்ணாச்சி, புத்தத் தட்டி மட்டமாக்கி மேல தாரப் போட்டுருவோம். அக்கா சந்தோசப்படும்" என்றார்.

மேஸ்திரி காதில் செருகியிருந்த பீடியை எடுத்து, மறுபடியும் செருகிக்கொண்டார். "நாகம் குடியிருக்கு வே. நான் பிள்ளகுட்டிக்காரன்."

"சும்மாவா போடச் சொல்லுதேன்? மொறையாக் குடி மாத்திட்டுப் போடுவோம்."

முறையாகத்தான் செய்தார். அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். தேங்காய் உடைத்தார். சூடம் ஏற்றிப் புற்றின் முன் கைகட்டி நின்று, "நாகராசா, கோவிச்சுக்கிடக் கூடாது. கோயிலுக்குள்ள பெரிய புத்து இருக்கு. இங்கன மாதிரி வண்டிச் சத்தம் கெடையாது. நித்தம் பூசை உண்டு. அங்கன போயி சௌகரியமா இருந்துக்கிடும்" என்று ஒரு வீட்டுத் தரகரைப் போல எடுத்துச் சொன்னார். பிறகு புற்றிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பித்தளைத் தட்டில் வைத்து, பூச்சூட்டி, அதைக் கோயில் புற்றில் சேர்ப்பதற்காகத் தலைமேல் ஏந்திப் புறப்பட்டார். எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. இனி அந்த இடத்தில் வழவழப்பான தரையில் பாண்டி ஆடலாம் என்று சில்லுக்கு ஓடு தேடத் தொடங்கினேன்.

மாமா வாசலைத் தாண்டும் நேரத்தில், பேருந்திலிருந்து இறங்கி, பூக்கூடையை இடுப்பில் வைத்தபடி அம்மா எதிரே வந்தாள்.

"என்னல அது, தலையில?"

"நாகராசா, ஏக்கா."

"எங்க கொண்டு போற?"

"கோயில்லதான் விடப்போறேன். ஒனக்கு இனிமே கவலையே கெடையாது. மேஸ்திரிய ஊத்தச் சொல்லிட்டேன்."

கூடை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா ஓடி வந்தாள். மேஸ்திரி முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, புற்றைத் தட்டுமுன் அதன் வாயை அடைக்க வாளியைச் சாய்க்கத் தொடங்கியிருந்தார். அம்மா வட்டத்துக்குள் பாய்ந்து, புற்றுக்கும் வாளிக்கும் நடுவே நின்றாள். சரிந்த வாளியிலிருந்து கொதிக்கும் தார் சிதறி, ஒரு சொட்டு அவள் வலப்பாதத்தில் விழுந்தது. அந்தக் காலை வெடுக்கென்று தூக்கி, மற்றக் கால் முழங்காலில் மடித்து வைத்துக்கொண்டாள். நகரவில்லை.

"ஊத்தும் அண்ணாச்சி, ஊத்தும்! ஏன் நிப்பாட்டிட்டீரு? என் தலையிலயே ஊத்தும்!"

மேஸ்திரியின் வாளி நிமிர்ந்தது. தட்டோடு திரும்பி ஓடிவந்த மாமா அழுகிற குரலில் கேட்டார்: "ஏக்கா, வெள்ளிக்கெழம தவறாம அத்தான ஏசுதது நீதான? தண்ணி ஊத்தாதீரு, ஊத்தாதீருன்னு!"

"ஆமா, ஏசுதேன். உடஞ்சத ஒட்டுதது நானு, நான் ஏசுவேன். அடைக்கதுக்கு நீ யாருல?"

"பெறகு என்னதான் செய்ய? வருசா வருசம் ஒட்டுப் போட்டுக்கிட்டேயா இருக்கப் போற?"

"போடுதேன். சாகுத மட்டும் போடுதேன்."

மேஸ்திரி வாளியைத் தரையில் வைத்தார். "அப்படி என்னம்மா இந்தப் புத்துல இருக்கு?"

அம்மா என்னைக் காட்டினாள். "இந்தா நிக்காளே, இவளக் கேளும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் ஓட்டுச்சில்லோடு நின்ற நான், ஏதோ தவறு செய்துவிட்டேன் போலும் என்று அதைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மேஸ்திரி குனிந்து, மெய்யாகவே என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? சேலையை வரிந்துகொண்டு, கொக்கைப்போல் ஒற்றைக்காலில் நின்று ஊரையே மிரட்டும் அம்மாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அதைக் கண்டு அம்மாவும் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. தார்ச்சூட்டினால் என்று நினைத்தேன்.

மாமா தட்டில் இருந்த மண்ணைப் புற்றின் மேலேயே அப்பிவிட்டு, "நாகராசா, போக வேண்டாம்; இங்கனயே இரும்" என்று மன்னிப்புக் கேட்டார். காய்ச்சிய பாலை நான் குடித்தேன். அம்மா காலில் வெண்ணெயைத் தடவிக்கொண்டு, அந்த ஆண்டின் குழியை முன்னினும் ஆழமாக வெட்டச் சொல்லி, அருகிலேயே உட்கார்ந்து சல்லியை இடிக்கவைத்தாள். தவசன்று விடியலில் வந்த வண்டிகள் அதன்மேல் ஏறி இறங்கிப் போயின. ஒரு பூவும் சிந்தவில்லை. உழவர்கள் எங்கள் முற்றத்தை விட்டுப் போகவுமில்லை.

எனக்குத் திருமணம் உறுதியான நாளில் அப்பா சொல்லித்தான் எஞ்சியதை அறிந்தேன். கைக்குழந்தையாய் இருந்தபோது நான் பிழைக்க மாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அம்மா என்னைத் தூக்கிவந்து அந்தப் புற்றடியில் கிடத்தி, கோமதியம்மையை நினைத்து நேர்ந்துகொண்டாளாம்: இந்தப் பிள்ளை மூச்சு விடும் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் இங்கே தண்ணீர் விழும். விடியலில் தராசை விட்டு அவளால் நகர முடியாததால், அவளுக்காகக் குடத்தைச் சுமந்தவர் அப்பா. தண்ணீரும் அவளுடையது. அதனால் வந்த உடைப்பும் அவளுடையது. அதை ஒட்டிய தாரும் அவளுடையது. ஏச்சு மட்டும் அப்பாவுக்கு.

இருவரும் திருவடி சேர்ந்துவிட்டார்கள். குடத்தை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது குடம் சிறிய செம்பாகிவிட்டது. தார்க்கரண்டி மகனிடம். வட்டத்தின் ஓரம் இந்த ஆண்டும் உடையும். அது உடைந்துகொண்டிருக்கும் மட்டும் நான் இருக்கிறேன்.

அந்தத் தவசு நாளின் மாலையில் நான் பட்டுப்பாவாடை உடுத்தி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டது நினைவிருக்கிறது. அம்மா காலில் துணி சுற்றி, தராசடியில் உட்கார்ந்திருந்தாள். "நீயும் வாம்மா, அம்மன் ஒத்தக்கால்ல நிப்பாளாம்" என்றேன்.

"எனக்கு இங்கன வேல கெடக்கு மக்கா. நீ போயி நல்லாப் பாத்துட்டு வா" என்றாள்.

அவள் ஒருமுறையேனும் அந்தத் தவத்தைப் பார்க்கவில்லையே என்று வழியெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்தது. கூட்டத்தில் அப்பாவின் தோளில் ஏறி, கழுத்தை நீட்டி நீட்டி அம்மனைத் தேடினேன். இரண்டு நாள் முன்னதாகவே, ஒரு வாளித் தாருக்கு எதிரே, நான் தவசு பார்த்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும், தாம் அறியாமல் தம் பொருட்டு நேர்ந்துகொண்ட ஒருவர் இருப்பாராக. அவர் காத்த உயிர் நீடு வாழ்க. உங்கள் வாசலில் நீரும் பூவும் குறையாதிருக்க. சங்கரநாராயணரும் கோமதியம்மையும் உங்களுக்கு என்றும் துணை நிற்க.