கேட்டுக்கு வெளியே நின்று மாட்டிய பெல்ட்

எங்கள் வேலைநிறுத்தத்தில் வளர்ந்தது புல் மட்டும்தான். கோரிக்கைகள் போட்ட இடத்திலேயே கிடந்தன. பந்தலில் உட்கார்ந்திருந்த எங்கள் கன்னங்கள் உள்ளே போய்விட்டன. ஆபீஸுக்கு முன்னால் இருந்த புல்தரை மட்டும் கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு முழங்காலுக்குக் கிட்டே வந்து நின்றது.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஃபிட்டராக இருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் நான். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, கோபமும் உண்டு.

கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். கம்பிக் கேட் வழியாகப் பார்த்தால் உள்ளே நேராகத் தெரிவது அந்தப் புல்தரைதான். மேனேஜர் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். அதற்கென்று பின்னால் நின்று தள்ளிக்கொண்டே புல் வெட்டுகிற பெட்ரோல் மெஷின் ஒன்றை மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார். வாரம் ஒருமுறை வெட்டி, காலையும் மாலையும் தண்ணீர் காட்டி, ஜமுக்காளம் விரித்த மாதிரி வைத்திருப்பார். வைத்திருப்பார் என்றால் அவர் இல்லை. வைத்திருந்தது என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். கான்ட்ராக்ட்காரரிடம் சொல்லி அவரை அந்தத் தோட்ட வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். கான்ட்ராக்ட் கூலி என்பதால் சங்கத்தில் அவருக்கு இடம் கிடையாது. எங்கள் கோரிக்கைகளிலும் அவர் பேர் இல்லை. அதனால் வேலைநிறுத்தம் ஆரம்பித்த அன்றே சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார்: அந்த ஆள் உள்ளே போய் வரட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது உற்பத்தி ஆகாது. செயலாளர் எங்கள் கம்பெனியிலேயே டர்னர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். ஆனாலும் மச்சான் தினமும் தலையைக் குனிந்துகொண்டு பந்தலைத் தாண்டிப் போகும்போது யாராவது பின்னால் இருமுவார்கள். நான் திரும்பி முறைப்பேன்.

வேலைநிறுத்தம் தொடங்கின கொஞ்ச நாளிலேயே மெஷினின் பெல்ட் தேய்ந்து வழுக்க ஆரம்பித்துவிட்டது. என்ஜின் ஓடும், பிளேடு சுற்றாது, ரப்பர் தீய்கிற நாற்றம் மட்டும் வரும். மாற்றிப் போட ஃபிட்டர் இல்லை, எல்லோரும் பந்தலில். மச்சான் ஓரங்களை அரிவாளால் கழித்துவிட்டுத் தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். புல் வளர வளர எங்களுக்குக் கொண்டாட்டம். காலையில் வந்ததும் கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு என்று கையால் காட்டுவார்கள். நாங்கள் இல்லாமல் கம்பெனி நாறுகிறது என்பதற்கு எங்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை. பொங்கல் கழிந்த வாரம் மேனேஜரின் கார் உள்ளே நுழையும்போது எங்களில் ஒருவன், ஐயா, மாடு கன்னை ஓட்டிக்கினு வரலாமா என்று கேட்டுவிட்டான். பந்தலே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு போய் விழுந்த இடம் மச்சானின் தலை. மறுநாள் மத்தியானம் அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்று என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. தோளில் புது பெல்ட் ஒன்று தொங்கியது.

"மாப்ளே, சாயங்காலத்துக்குள்ள புல்ல வெட்டலன்னா நாளையிலேர்ந்து வராதேன்றாரு. மீஞ்சூர் போயி பெல்ட்டு வாங்கினு வந்துட்டேன். மாட்டத் தெரியல. நீ வந்து மாட்டிக் குடு."

அந்த மெஷினுக்கு பெல்ட் மாற்றத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பது உண்மை. வந்த நாளிலிருந்து அதை மாற்றியது என் கைதான். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே போய் ஒரு திருகு திருகினால்கூட எனக்குப் பேர் கருங்காலி. அந்தப் பேர் ஒருமுறை ஒட்டினால் சாகும்வரை போகாது, பிள்ளைக்கும் சேர்த்து ஒட்டும். இந்தப் பக்கம் பார்த்தால் மச்சான் வீட்டில் நான்கு வாய். அவர் கொண்டுபோகிற கூலி ஒன்றுதான் அடுப்பில் ஏறுகிறது. சம்பளம் நின்றுபோன என் வீட்டுக்கும் அந்தக் கூலியிலிருந்துதான் அரிசி வந்துகொண்டிருந்தது. அதை நான் பந்தலில் யாரிடமும் சொன்னதில்லை.

செயலாளரிடம் போனேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"உன் மச்சான் வயித்துல அடின்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கேட்டு தண்டவாளத்தத் தாண்டி உன் காலு உள்ள போச்சுன்னா, அப்பால இந்தப் பந்தல்ல உனக்கு எடம் இல்ல."

அது தள்ளித் திறக்கிற கேட். அது ஓடுவதற்குத் தரையில் ஓர் இரும்புத் தண்டவாளம் பதித்திருந்தது. நான் மச்சானிடம், மெஷினைக் கேட்டை ஒட்டிக் கொண்டுவா, கம்பி வழியாகக் கையை விட்டு மாட்டிவிடுகிறேன் என்றேன். அவர் தள்ளிக்கொண்டு வந்தார். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

கம்பிக்குள் கையை விட்டு ஸ்பேனரைப் போட்டேன். கால்வாசிச் சுற்றுக்கு மேல் திரும்பவில்லை. கம்பி இடித்தது. விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பின்னாலிருந்து ஒருவன், கை உள்ள போனா மட்டும் வேலை இல்லியா என்று கேட்டான். இன்னொருவன் காலைப் பற்றித்தான் பேச்சு என்றான். அவர்கள் எனக்குப் பின்னால் கோர்ட் நடத்திக்கொண்டிருக்க, நான் வாயைக் கட்டிக்கொண்டு திருகினேன்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொன்னார். கேட் கடகடவென்று விலகியது. எனக்கும் மெஷினுக்கும் நடுவில் கம்பி இல்லை, தரையில் அந்தத் தண்டவாளம் மட்டும். மேனேஜர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து உள்பக்கம் போடச் சொன்னார்.

"ஏம்பா கஷ்டப்படறே? உள்ளே வந்து நிழல்ல உட்கார்ந்து பண்ணு. ஒரு அடிதானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மனுஷன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அவருக்கு வேண்டியது புல் வெட்டுவது மட்டும் இல்லை என்று அந்த ஸ்டூலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரு ஃபிட்டர் உள்ளே வந்துவிட்டான் என்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்லலாம். பந்தலில் பாதிப்பேர் அன்றைக்கே ஆடிப்போவார்கள். நான் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மச்சானிடம் மெஷினை இரும்பில் இடிக்கிற வரைக்கும் தள்ளச் சொன்னேன்.

வேலை பெரிய வேலை இல்லை. என்ஜின் ஒரு தட்டின்மேல் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். போல்ட்டைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் நகரும். முன்னால் தள்ளி பெல்ட்டை இரண்டு சக்கரத்திலும் மாட்டவேண்டும், பின்னால் இழுத்து விறைப்பாக்கி முடுக்கவேண்டும். நன்றாகப் பழகின கைக்குக் கால் மணி நேரம் போதும். அன்றைக்கு, கழன்று கையோடு வந்த ஒரு போல்ட்டை இரண்டுமுறை கீழே போட்டேன். அது உருண்டு உள்பக்கம் போய்விட்டது. கையை நீட்டினேன், எட்டவில்லை. மேனேஜர் தன் ஷூ முனையால் அதை இன்னும் ஒரு சாண் உள்ளே நகர்த்தினார். மச்சான் ஓடிப்போய்க் குனிந்து எடுத்துவந்து கொடுத்தார்.

பெல்ட்டை மாட்டினதும் இன்னொரு வினை தெரிந்தது. மச்சான் பழைய பெல்ட்டை அரிவாளால் அறுத்து எடுத்து, அதையே அளவு காட்டி மீஞ்சூர் பம்புசெட் கடையில் வாங்கியிருக்கிறார். பழசு தேய்ந்து நீண்டு போனது. அதன் அளவுக்கு வாங்கிய புதுசும் நீளம். மாட்டினால் தொய்கிறது. அவரைத் திட்ட வாய் வந்தது, முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். என்ஜினைத் தட்டின் கடைசிவரை இழுத்து நிறுத்தினால்தான் பிடிக்கும். கையால் இழுத்தால் அந்த அளவுக்கு வராது.

மச்சான் கடப்பாரையை நுழைத்து நெம்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. பெல்ட் விறைத்தது. அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நான் நான்கையும் முடுக்கவேண்டும், விட்டால் என்ஜின் திரும்பிவிடும். என் பக்கத்து இரண்டையும் முடுக்கிவிட்டேன். மற்ற இரண்டும் மெஷினுக்கு அந்தப் பக்கம். வாட்ச்மேன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். நான் எழுந்து மெஷின்மேல் கவிழ்ந்து கையை நீட்டினேன். ஸ்பேனர் போல்ட்டைத் தொட்டது, ஆனால் அழுத்த பலம் இல்லை. அழுத்தினால் உடம்பு முன்னால் சாய்ந்தது. ஒரு காலை எடுத்து முன்னால் ஊன்றினால் போதும். உடம்பு தானாகவே அதைச் செய்யப் பார்த்தது. என் வலது கால் தரையைவிட்டு எழும்பிவிட்டது.

"மாப்ளே, கையி வுட்டுப்போவுது," என்றார் மச்சான்.

மேனேஜர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். போகட்டும், பேர் போனால் போகட்டும், அந்த மனுஷன் கஞ்சி குடிக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். அந்த நொடியில் என் இடுப்பு பெல்ட்டை யாரோ பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார்கள். திரும்பிப் பார்க்க முடியவில்லை. பீடி வாசனையை வைத்துச் செயலாளர் என்று தெரிந்துகொண்டேன்.

"நான் புட்ச்சிகினு கீறேன். நீ முடுக்கு."

முழு உடம்பையும் அவர் பிடியில் தொங்கவிட்டு இரண்டு போல்ட்டையும் முடுக்கினேன். மச்சான் கடப்பாரையை எடுத்தார். என்ஜின் நகரவில்லை. கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. செயலாளர் என்னை இந்தப் பக்கம் இழுத்து நிறுத்திவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார். மேனேஜர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மச்சான் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மெஷின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம்வரை அரிவாளால் நுனியைக் கழிப்பதும் மெஷின் ஓட்டுவதுமாக அவர் ஓயவில்லை. நாங்கள் பந்தலில் உட்கார்ந்து எங்கள் புல் விழுவதைப் பார்த்தோம். நம்ம ஆள் கையாலேயே என்று ஒருவன் முனகினான். அவனோடு சண்டைக்குப் போகாமல் இருந்தது அந்த வேலைநிறுத்தத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

ஐந்து மணிக்கு மேல் புல்தரை பழையபடி ஆகிவிட்டது. மேனேஜர் அதில் ஒரு நடை நடந்து பார்த்தார். பிறகு மச்சானைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மச்சான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் எழுந்து ஓடினேன்.

"இன்னா மச்சான்?"

"வெட்டியாச்சில்ல, இப்ப ஆளு எதுக்குன்றாரு. வளர்ந்தா சொல்லி அனுப்புறாராம்."

கேட்டைப் பார்த்துக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. செயலாளர் வந்து மச்சானின் கையைப் பிடித்து, இங்கேயே உட்காருங்கள், உங்களையும் சேர்த்துத்தான் இனிமேல் கேட்போம் என்றார். அன்றைக்கு அவர் மனசாரத்தான் சொன்னார். மச்சான் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். இங்கே உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டால் புல் வளர்ந்தாலும் கூப்பிடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ரோட்டோரமாக நடந்து போனார்.

அதற்கப்புறம் நானும் தினமும் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் பழையபடி கம்பெனியை நக்கல் செய்வதற்காகப் புல் வளருமா என்று பார்த்தார்கள். நான் பார்த்தது வேறு. ராத்திரி வீட்டுக்குப் போனால் என் மனைவி சோற்றுக்கு முன்னால் அதைத்தான் கேட்பாள். அவள் அண்ணன் வேலை அந்தப் புல்லில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமா வருது என்பேன்.

வரவில்லை. மழை நின்றுபோயிருந்தது, தை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாசி பிறந்தபோது ஓரமெல்லாம் பழுத்து, நடுவில் மண் தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கேயோ சவுக்கு வெட்டப் போய்க்கொண்டிருந்தார், கையெல்லாம் கீறல். என் மனைவி அவரை வைத்துக்கொண்டே, புல் வளர்ந்ததா என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"தண்ணி காட்றவன வெளிய அனுப்ட்டா, அது எப்டிம்மா வளரும்?"

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்கவில்லை.