நம்பர் முந்தியது, நேரம் பிந்தியது

"டோக்கன் நம்பரை எனக்கு எதுக்குக் காட்டுறீங்க? டீ எப்போ கைக்கு வந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்று கேன்டீனில் ஒருவரை மடக்கிக்கொண்டிருக்கிறார். பாவம், அந்த மனிதர் சர்க்கரை குறைவு என்று சொல்ல வந்தவர்.

மடக்கியவர், நர்சிங் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர். நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'மில்லிசெகண்ட்'. இவர் பேச்சில் 'சுமார்', 'ஏறக்குறைய' எல்லாம் கிடையாது. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டால், "நிச்சயம் பண்ணதுல இருந்தா, கையெழுத்துப் போட்டதுல இருந்தா?" என்பார். இவர் மனைவிக்குத்தான் கோயில் கட்ட வேண்டும்.

"அப்ளிகேஷனை அனுப்புனதும் மிஷின் உள்ளே வேலையை ஆரம்பிச்சு ஒரு நம்பர் கொடுத்துடும். எல்லாம் ஏறி முடிஞ்சு பதிவாகுற நேரம் வேற. ஒருத்தனுக்குப் போட்டோ ஏறாம சுத்திக்கிட்டே கிடக்கும். பின்னாடி வந்தவன் பதிவாகிட்டுப் போயிடுவான். முடிச்சவன்தான் முந்தினவன்." பதினொரு வருஷமாக இதைத்தான் சொல்கிறார். யார் மண்டையிலும் ஏறவில்லை. எங்கள் மேலாளருக்கு நம்பர் சின்னதென்றால் முந்தியது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் கடைசி ஒரு சீட்டுக்கு இரண்டு பெண்கள் ஒரே மதிப்பெண்ணில் நின்றார்கள். முதலில் பதிவானவருக்கே சீட் என்பது விதி. ஒருத்தி யாரோ. இன்னொருத்தி மில்லிசெகண்டின் மகள். போன வருஷமும் மயிரிழையில் கோட்டை விட்டவள்.

மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "உங்க பொண்ணு நம்பர்தான் சார் சின்னது! ஸ்வீட் எங்கே? பட்டியல்ல பேரை எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

மில்லிசெகண்ட் பதிவான நேரங்களைத் திரையில் எடுத்தார். மகளுடையது நான்கு செகண்ட் பிந்தியிருந்தது.

"போட்டோ," என்றார். "சின்ன சைஸா போடும்மான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'முகம் நல்லாத் தெரியணும்ப்பா'ன்னுட்டா."

"யாருக்கு சார் இதெல்லாம் தெரியப்போகுது?" என்றார் மேலாளர்.

உண்மைதான். அந்தக் கட்டடத்திலேயே அந்த வித்தியாசம் புரிந்த ஒரே ஆள் அவர். போட்டுத் தொலையுமய்யா என்று எனக்குக் கத்தலாம் போலிருந்தது.

அவர் ஸ்கேலை வைத்து, மகள் பெயரை நேர்கோடாக அடித்தார். மேலே மற்றவளின் பெயரையும் பதிவான நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். செல்பேசி அடித்தது. மகள்தான். மில்லிசெகண்ட் எழுந்து நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அதை எடுத்தார்.