அவரைக்கொடியும் அடுத்த வீட்டுக் கிண்ணமும்

நான் திருவண்ணாமலைக்கு வந்தது தொண்ணூற்று நாலாம் வருஷம், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில் தனியாக இருக்க முடியாமல், எந்த ஊரானாலும் சரி என்று மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இங்கே பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகப் போட்டார்கள். வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு கிடைத்தது.

பொங்கலன்று மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். கணவர் பஸ் கண்டக்டர்.

“பண்டிகை நாளும் அதுவுமா ஒத்த ஆளுக்கு என்னாத்த சமைச்சிருப்பீங்க? சாப்பிடுங்க டீச்சர்” என்றார்.

அவரைக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு. அதைச் சாப்பிடும்போது அழுதேன் என்பதை மறைக்க மாட்டேன்.

கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். கைவசம் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவாள். எனக்கோ, அந்தக் குழம்புக்குப் பதில் சர்க்கரையா என்று ரோஷம். மறுநாள் பாயசம் வைத்தேன், அடிப்பிடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிரசம் முயன்றேன், எண்ணெயில் கரைந்தே போனது. இதற்குள் இருபது நாள் ஓடிவிட்டது. இருபது நாள் கழித்து ஒரு பிடி சர்க்கரையோடு போய் நின்றால் என்ன நினைப்பார்?

அந்தச் சமயத்தில்தான் மார்க்கெட்டில் வாங்கிய அவரைக்காயில் நாலைந்து முற்றலாக வந்தன. உரித்தால் பன்னிரண்டு விதை தேறியது. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம் சும்மாதான் கிடந்தது. நட்டு, காய்த்ததும் முதல் பறிப்பை அந்தக் கிண்ணத்தில் நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஊரெல்லாம் அவரைக்காய் மலிந்து கிடக்கிறது, ஆகவே இதுதான் அவரை போடும் காலம் என்பது கணக்கு டீச்சரின் கணக்கு.

அதுவரை துளசிச் செடிகூட வளர்த்ததில்லை. மண்ணைத் தோசைத் திருப்பியால் கிளறினேன். உள்ளே வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் ஜல்லியும்தான். திருப்பி வளைந்த பிறகு ஒரு களைக்கொத்து வாங்கி வந்தேன். விதை போட்ட மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, முளை விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பேன். பன்னிரண்டில் ஒன்பது அழுகிப் போயின. நான் கவனிக்காமல் விட்ட மூன்று மட்டும் முளைத்தன.

முளைத்தவை சும்மா இருக்கவில்லை. சித்திரை வெயிலில் மலை அடுப்பாகக் காய்ந்து, குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வந்த காலத்திலும், அரிசி கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் ஊற்றிக் காப்பாற்றினேன். துணி காயப்போடும் கயிறு முழுக்கக் கொடி ஏறிப் படர்ந்தது. புடவையை வீட்டுக்குள் கதவின்மேல் காயப்போட்டேன். இலை உள்ளங்கை அகலம். பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். அதனால் கொடியோடு பேச ஆரம்பித்தேன். பேச்சு என்ன பேச்சு, திட்டுதான். “திங்கிறது போறலையா உனக்கு? எப்பதான் பூ வைப்ப?” என்று கேட்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டு மிக்ஸி ஓடுவது சட்டென்று நிற்கும். கேட்டிருப்பாரோ என்று வாயை மூடிக்கொள்வேன்.

அக்கா இப்போது வாசலில் பார்த்தால் “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்பதோடு சரி. கிண்ணம் என் அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பௌர்ணமி சாயங்காலம் மலை சுற்ற வருகிறவர்களுக்குச் சந்து முனையில் பானை வைத்து மோர் ஊற்றுவார். எந்த ஊரிலிருந்தோ வந்தவர்களெல்லாம் அவர் கையால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்கும் தாகமாகத்தான் இருந்தது.

ஆனி மாதத்தில், அடி அண்ணாமலையிலிருந்து கீரை கொண்டுவரும் அம்மா கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“எப்ப போட்ட இத?”

“தையில.”

“தையில காய் பறிப்பாங்க, யாராச்சும் விதை போடுவாங்களா? ஆடியில போடறதும்மா இது. நீ தண்ணி ஜாஸ்தி ஊத்தினாலும் இலைதான் வரும். மார்கழிப் பனி விழணும், அப்பதான் பூ வைக்கும்.”

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று கை கொடி வரைக்கும் போனது. பிடுங்கினால் அந்தப் பக்கம் போக எனக்கிருந்த ஒரே சாக்கும் போய்விடும். இன்னும் ஆறு மாதம்தானே என்று விட்டுவிட்டேன்.

அவள் சொன்னது தப்பவில்லை. மார்கழி பிறந்து பத்தாம் நாள், ஊதா நிறத்தில் முதல் பூங்கொத்து. அதே வாரம்தான் பால் ஊற்றுகிறவர் சொல்லித் தெரிந்தது: கண்டக்டர் ரிடையர் ஆகிவிட்டார், மார்கழியில் வீடு மாறக்கூடாது என்பதால் தை பிறந்ததும் சொந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்கே போய்விடுகிறார்கள், அங்கே சொந்த நிலம் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. பூ பிஞ்சாகி, பிஞ்சு நகம் அளவுக்கு வந்து நின்றது. காலையும் மாலையும் போய் விரலால் அளந்து பார்ப்பேன். பொங்கல் வந்து போனது. இந்த முறை மதிலுக்கு மேல் எதுவும் நீளவில்லை. நீளும் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன் என்றும் தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மூன்றாம் நாள் காலையில் வாசலில் லாரி வந்து நின்றது. ஓடிப்போய், முற்றியதும் முற்றாததுமாக இருந்ததையெல்லாம் பறித்தேன். கிண்ணம் நிறையவில்லை, முக்கால்தான். அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா காலி அடுக்களையில் நின்று பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அட, இந்தக் கிண்ணமா!” என்று வாங்கினார். நான் ஒரு வருஷத்துக் கதையை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். சர்க்கரை, பாயசம், அதிரசம், அவரை, எல்லாம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்க வீட்டுச் சாப்பாடு உங்களுக்குப் புடிக்கலனுல்ல நான் நெனச்சிட்டேன் டீச்சர். வெறும் கிண்ணமா குடுத்திருந்தா மறுநாளே ரொப்பி அனுப்பியிருப்பேனே. கிண்ணம் வந்தாத்தான மறுபடி ஏதாவது போட்டுத் தரமுடியும்?”



காயை ஒரு துணிப்பையில் கொட்டிக்கொண்டார். கட்டிவைத்த மூட்டை ஒன்றைப் பிரித்து, பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெல்லக்கட்டி ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஒரே பஸ்ஸு. கொண்டாந்து குடுங்க” என்றார். சாயங்காலம் மிக்ஸி சத்தம் இல்லை. அந்த வீட்டில் ஒரு பூட்டு தொங்கியது.

இந்த முறை நிறைய வேண்டும் என்று கொடியில் நல்ல காய்களாக விட்டுவைத்தேன். பத்து நாளில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை பறிக்கலாம் என்றிருந்தபோது, சனிக்கிழமை நான் பள்ளியில் இருந்த நேரத்தில் மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன. வந்து பார்த்தால் கயிறு அறுந்து, கொடி தரையில் கிடந்தது. கடித்துத் துப்பிய தோல்தான் மிச்சம். ஒரு காய் இல்லை.

வேர் இருந்தது. கட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் திரும்பத் தழைக்கும், பூ மட்டும் அடுத்த மார்கழியில்தான் வைக்கும் என்று இப்போது எனக்கே தெரிந்திருந்தது. அலமாரியைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தேன். வெல்லம் என்றோ காப்பியில் கரைந்து முடிந்திருந்தது.

மறுநாள் காலை கிண்ணத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, வெறுமையாகவே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.