போண்டாவுக்கு இடம் இருந்தது

இந்த வாரம் கோபமாக எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடலாம். தப்பாக நினைக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை. சேலம் செவ்வாய்ப்பேட்டை. என் வீட்டுக்காரருக்குப் பத்து நாளாக விடாத இருமல். சுக்கு, திப்பிலி, அதிமதுரம் வாங்கலாம் என்று ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன் – நான் கஷாயத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை கொதிக்கும்.

கடையில் கூட்டம். என் முறை வரட்டும் என்று நிமிர்ந்து பார்த்தால்... நான்!

ஆமாம், நானேதான். இந்தப் பத்தியின் மூலையில் வாராவாரம் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு போட்டோ வருமே, அதுதான். பத்தியை முழுசாகக் கத்தரித்து, லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஊதுபத்தி வேறு புகைந்துகொண்டிருந்தது.

பொய் சொல்வானேன்? முதலில் பெருமைதான் வந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். யாராவது அடையாளம் கண்டுகொள்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்புறம்தான் தலைப்பைப் படித்தேன்.

‘புற்றுநோயைக் கொல்லும் ஓமலூர்ப் பெண்!’

நான் வைத்த தலைப்பு. ஆச்சரியக்குறி உட்பட.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களுக்கு முன்னால் கலைவாணியைப் பற்றி எழுதினேன். ஓமலூர்ப் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவள். இப்போது வெளியூரில் ஒரு ஆய்வகத்தில் மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. புற்றுநோய் மரபணுக்களும் செல்களின் சாவும்தான் அவளுடைய ஆராய்ச்சி. பல வருடங்களாக அதே வேலை. லீவில் ஊருக்கு வந்தவளை ஓமலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தேன்.

எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா? “அக்கா, நம்ம செல்லு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ‘போதும், நீ செத்துப்போ’ன்னு ஒரு உத்தரவு இருக்கு. வயித்துக்குள்ள குழந்தையோட கை முதல்ல துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரலுக்கு நடுவுல இருக்கிற செல்லெல்லாம் செத்து ஒதுங்கினாத்தான் அஞ்சு விரல் வரும். கெட்டுப்போன செல்லும் அந்த மாதிரி தானா ஒதுங்கணும். உத்தரவு போடற மரபணுவே உடைஞ்சு போச்சுன்னு வைங்க... அது சாகாது. பெருகிட்டே போகும். அதான் கேன்சர்.”

அந்த உத்தரவு எங்கே உடைகிறது, மறுபடி எழுப்ப முடியுமா என்பதுதான் அவளுடைய வேலை. நடுவில் ஒரு செடியின் சாற்றைச் சில செல்களில் போட்டுப் பார்த்ததாகவும், அவை செத்ததாகவும் போகிற போக்கில் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எழுதுகிறவர்களின் புத்தி அப்படி. செடியின் பெயரை இப்போது சொல்ல மாட்டேன். அன்று சொன்னதே போதும்.

கடைக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். சட்டையில் பஞ்சுத் தூசி. லேமினேஷனைக் கையால் காட்டி, “அந்தப் பொடிதானுங்க... போன தடவை குடுத்தீங்களே, அதே” என்றார். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

“யாருக்குங்க?” என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது.

“என்ற ஊட்டுக்காரிக்குங்க. மாருல கட்டி.”

“ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?”

“போனோமுங்க. ஆறு தடவை கீமோ ஏத்தோணும்னாங்க. ரெண்டு தடவை ஏத்துனதுக்கே முடியெல்லாம் கொட்டி, ஒரு வாய் சோறு எறங்கலீங்க. அப்புறம் இதப் படிச்சுப்போட்டு நிறுத்திட்டோம். ஏழு வாரமாச்சுங்க. நம்ம பக்கத்துப் பொண்ணே கண்டுபுடிச்சிருக்குது, பேப்பர்லயே போட்டிருக்குது... அப்புறமென்னங்க?”

சுக்காவது, திப்பிலியாவது!

கடைக்காரரிடம் பாய்ந்தேன். “என்னய்யா அநியாயம் இது? யாரைக் கேட்டு இதை மாட்டினீங்க?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துபோனது. “மேடம்! நீங்களா! ஏனுங்க, சொல்லியிருந்தா மாலை வாங்கி வெச்சிருப்பனே! வாங்க, ஒரு செல்ஃபி எடுத்துக்கலாம்!”

“முதல்ல அதைக் கழட்டுங்க. ஜனங்களை ஏமாத்தறீங்களே, வெட்கமா இல்ல?”

மனிதர் கோபிக்கவில்லை. அதுதான் கொடுமை. நிதானமாகச் சொன்னார். “நீங்க எழுதுனதுதானுங்களே மேடம். ஒரு எழுத்தாவது நான் சேர்த்திருக்கேனா, பாருங்க.”

படித்துப் பார்த்தேன். சேர்க்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, நானே அதைக் கழற்றினேன். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். “வாட்ஸ்அப்ல ஊரெல்லாம் சுத்திட்டிருக்குதுங்க. இத ஒண்ணக் கழட்டி என்ன பண்றதுங்க மேடம்?”

பொடி வாங்கியவரின் பெயர் மாணிக்கம். வெண்ணந்தூர்க்காரர். வீட்டோடு நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு சந்துக்குள் ஒதுங்கி, டவுன் பஸ் ஹாரனுக்கு நடுவே கலைவாணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். வெடித்தாள்.

“லேப் தட்டுல வளர்ற செல்லு அக்கா, பினாயில் ஊத்தினாலும் சாகும்! சுடுதண்ணி ஊத்தினாலும் சாகும்! அதுக்காகக் குடிக்கச் சொல்வீங்களா? செல்லைக் கொல்றது ஒரு வித்தையே இல்லக்கா. சாக வேண்டியது மட்டும் சாகணும், பக்கத்துல இருக்கிற நல்லது பிழைக்கணும். அதுக்குத்தான் நான் இத்தனை வருஷமா மாரடிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்களுக்கு அனுப்பினேனே... அது எங்க?”

அந்த வரி.

அச்சுக்குப் போகும் முன் கலைவாணிக்கு அனுப்பிக் காட்டினேன். எல்லாம் சரி, இந்த ஒரு வரியை மட்டும் சேருங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தாள். சேர்த்தேன். பத்தி மூன்று வரி நீண்டுவிட்டது. எங்கள் பக்கத்துக்கு அளவு உண்டு – வாராவாரம் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வரி படிக்க வறட்சியாக இருந்தது. வெட்டிவிட்டேன்.

எதை விட்டுவைத்தேன் தெரியுமா? ஓமலூர் பஸ் ஸ்டாண்டு போண்டாவை. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து, சட்னியில் ஒரு முக்கு... நான்கு வரி. வாசகர்கள் ரசிப்பார்களாம்!

கலைவாணி, “அண்ணன்கிட்ட குடுங்க” என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணா, நான் ஊசி போடற டாக்டர் இல்லீங்க. நான் செல்லைப் பார்க்கிறவ, நோயாளியைப் பார்க்கிறவ இல்ல. நான் எந்த மருந்தும் கண்டுபிடிக்கல. அந்தப் பொடியை விட்டுட்டு, நாளைக்குக் காலைல அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கையெடுத்துக் கும்பிடறேன்.”

மாணிக்கம் பாக்கெட்டைப் பார்த்தபடியே நின்றார். “இத நானெப்புடிங்க அவகிட்டச் சொல்றது? நீங்களே வந்து சொல்லிப்போடுங்க” என்றார்.

நியாயம்தானே? எழுதியவள் நான்தானே?

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வெண்ணந்தூர் போனேன். தறிச் சத்தத்தைத் தாண்டி உள் அறையில் சரோஜா உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “வாங்க அம்மணி! பேப்பர்ல பார்த்த மொகம் ஊட்டுக்கே வந்திருக்குது!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கை சுட்டது.

ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே என் பத்தி. அதற்கு அடியில் ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ சீட்டு.

“போண்டாவப் பத்தி எழுதியிருந்தீங்களே... படிச்சுச் சிரிச்சனுங்க அம்மணி. சோறே எறங்காத நாளு அது. அன்னைக்குத்தான் வாய்க்கு ருசியா எதாச்சும் திங்கோணும்னே தோணுச்சு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சொன்னேன். எதையும் மறைக்காமல் சொன்னேன் – பொடி மருந்து இல்லை, கலைவாணி எழுதச் சொன்ன வரி, இடமில்லை என்று நான் வெட்டியது, எல்லாம்.

சரோஜா என் கையை விட்டுவிட்டார்.

“ஏனுங்க அம்மணி... போண்டாவுக்கு எடம் இருந்துச்சு. எனக்கு எடமில்லீங்களா?”

இந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

மறுநாள் காலை மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மாணிக்கத்தைத் திட்டித் தீர்த்தார். இவரைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள் என்று குறுக்கே போனேன். என்னையும் திட்டினார். பிறகு மறுபடி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஏழு வாரத்தில் கட்டி எங்கே போயிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியுமாம். “பரவாமல் இருக்கணும்னு வேண்டிக்குங்க” என்றார். வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம். வந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் பத்துப் பேருக்குத் தட்டிவிடும் வாட்ஸ்அப் மாமாக்கள் மேல் கோபம். ‘புற்றுநோயை வென்ற எங்கள் குலவிளக்கே’ என்று ஓமலூரில் ஃப்ளெக்ஸ் வைத்து, கலைவாணி கெஞ்சியும் கழற்றாத அவளுடைய சொந்தக்காரர்கள் மேலும் கோபம். நம்ம ஊர்ப் பொண்ணு என்றால் நமக்குத் தலைகால் புரிவதில்லை. அவள் செய்கிற பெரிய வேலை நமக்குப் போதாது. அவள் செய்யாததையும் சேர்த்துச் சொன்னால்தான் திருப்தி.

ஆனால் அத்தனை பேரும் என் பத்தியைத்தானே கையில் வைத்திருந்தார்கள்? என்னை விட்டுவிட்டு யார்மேல் கோபப்படுவது?

ஸ்கேன் வெள்ளிக்கிழமை. இது உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். எழுதும்போது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், “ஸ்கேன் முடிஞ்சதும் போன் பண்றேனுங்க” என்றார் மாணிக்கம். சரோஜா என்னிடம் பேசவில்லை. ஃபைலின் மேலே இருந்த பத்தியை மட்டும் உருவி, என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பத்தியைக் கத்தரித்து வைக்கும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. இந்த வாரம் கத்தரிக்கோலை எடுப்பவர்கள் மற்றதை எல்லாம் குப்பையில் போடுங்கள். அன்று நான் வெட்டிய பன்னிரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்:

“இது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் மட்டுமே பார்க்கப்பட்டது, மனிதருக்கான மருந்து அல்ல, சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.”