கருகிய ரேடியோவும் கரண்ட் ஆபீசும்

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் உட்கார மாட்டார். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். நடந்துகொண்டே வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து, பின்னாலேயே எங்கள் வீட்டுக்கு ஒரு ரேடியோவும் வந்து, அந்த ரேடியோ புகைந்தும் போன வருஷம் அவர் நடந்த நடைக்குப் பழனிக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.

புகைந்தது பட்டப்பகலில். திடீரென்று கரண்ட் கூடுதலாகப் பாய்ந்து, இருட்டு வீடுகளில் எரிந்துகொண்டிருந்த பல்பெல்லாம் டப்டப்பென்று வெடித்தன. எங்கள் ரேடியோவின் முதுகிலிருந்து கரும்புகை வந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தைதான் பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று கத்தினேன். எட்டு வயசில் வேறென்ன செய்ய?

அத்தை அப்பாவின் தங்கை. மாமா செத்துப்போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். விசேஷ வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். மத்தியானம் அம்மா தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து சிலோன் ஸ்டேஷனில் பாட்டுக் கேட்பாள். புருஷனைப் பறிகொடுத்தவள் சினிமாப் பாட்டுக் கேட்கிறாள் என்று வெளியே தெரிந்தால் சொந்தக்காரர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். கடையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே பெரிதாக இருமுவார். பாட்டு நிற்கும். அப்புறம்தான் உள்ளே வருவார்.

“அவனுக கரண்டு, அவனுக கம்பி. கெடுத்தவன்தேன் சரி பண்ணிக் குடுக்கணும்” என்று அப்பா கரண்ட் ஆபீசுக்கு நடந்தார். மற்றவர்கள் பல்போடு போயிற்று என்று தலை முழுகிவிட்டார்கள். அப்பா விடவில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போவார், வந்து திட்டுவார், மறுபடி போவார். கடைசியில் அங்கே இருந்த ஆபீசர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் ஒன்று. ரேடியோ ஓடும்போதுதான் கருகியது என்று கேட்டுக்கொண்டிருந்த ஆளே நேரில் சொல்ல வேண்டும். சும்மா கிடந்த பெட்டிக்கு ஆபீஸ் பொறுப்பில்லை.

அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். பிறகு அம்மாவிடம், நீதான் கேட்டதாகச் சொல்லிவிடு என்றார்.

“ஆத்தாடி! அதைத் தொட்டாலே எனக்குக் கை உதறுமே!” என்றாள் அம்மா.

“உன்னைத் தொடவா சொன்னேன்? கேட்டேன்னு சொல்லு, அம்புட்டுத்தேன்.”

ஆபீசர் வந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. நல்ல மனுஷன், அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். அம்மாவும் சொன்னபடியே சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம் அந்த ஆள்.

“எந்தத் திருகைத் திருப்பினா பாட்டு வரும்மா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா விட்டத்தைப் பார்த்தார். அம்மா தயங்கித் தயங்கி விரலை நீட்டி, ரேடியோவுக்கு மேலே சுவரில் தொங்கிய ஏரியல் கம்பியைக் காட்டினாள். வாசலில் கொல்லென்று சிரித்தார்கள். பாவம், அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

“அப்ப ரேடியோ ஓடலைன்னுதான் எழுதணும்” என்று ஆபீசர் எழுந்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அதற்குள் அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள், அத்தனை பேருக்கும் முன்னால். கொப்பளித்த விரல்களை நீட்டினாள்.

“நாந்தேன் பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். நாந்தேன் வயரைப் பிடுங்குனேன். எங்கண்ணன் நியாயத்தைத்தேன் கேக்குறாரு.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஆபீசர் விரல்களைப் பார்த்தார். ரேடியோவை எடுத்துப் போய் ஆபீஸ் செலவிலேயே பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னார். நான் குதித்தேன். ஜெயித்தாயிற்று அல்லவா! அப்பா மட்டும் குதிக்கவில்லை.

விஷயம் பெரியப்பா காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வடமதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த பெரியப்பா பஸ் பிடித்து வந்தார். கொடுத்த தண்ணீரைக் கூடத் தொடவில்லை. “ஊரே சிரிக்குது. இவளை நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். ஒரு ஆபீசையே உலுக்கிய எங்கள் அப்பா அண்ணனுக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. நடக்கக்கூட இல்லை, தரையைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பெரியப்பா ஊருக்கு அப்போது கரண்டே வரவில்லை. அத்தை ஒரு பையில் சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டாள். என் கன்னத்தைத் தடவி, “சேட்டை பண்ணாம இருடி, போயிட்டு வாரேன்” என்றாள். நானும் சரியென்று விளையாடப் போய்விட்டேன்.

ரேடியோ புதுசு மாதிரி திரும்பி வந்தது. அதன்பிறகு அம்மா மத்தியானத்தில் தூங்குவதில்லை. ரேடியோ முன்னால் போய் உட்காருவாள். பயந்து பயந்து திருகைத் திருப்பி, இரைச்சலுக்குள் சிலோனைத் தேடிப் பிடித்து, சத்தத்தைக் குறைத்து வைப்பாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆபீசர் இன்னொரு தடவை வந்து கேட்டால் சரியாகப் பதில் சொல்லத்தான் அம்மா இப்படிப் பழகுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.